வெந்த முட்டை

கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் புதிதாக ஆள் வந்தால் முதலாளி செய்கிற முதல் காரியம், ஒரு முட்டையை வேக வைப்பது.

அடைச் சூட்டில் வைத்த ஏழாம் நாள் முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்துக் கழிக்கிற அறை பின்கட்டில் இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. பகல் பதினோரு மணிக்கும் உள்ளே இருட்டுதான். மேஜைமேல் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு பல்பு, பெட்டியின் தலையில் முட்டை உட்காருகிற அளவுக்கு ஓர் ஓட்டை. முட்டையை அதில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருக்கிறது தெரிந்துவிடும். உயிர் இருந்தால் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து சிலந்திக்கால் மாதிரி சிவப்பு நரம்புகள். கருவே கூடாத கூமுட்டை என்றால் வெறும் மஞ்சள் வெளிச்சம். இரண்டாலும் தொல்லை இல்லை. தொல்லை மூன்றாவது ரகம். கரு கூடி, நாலு நாள் வளர்ந்து, அப்புறம் என்ன நினைத்ததோ, பாதியில் நின்று போனது. அதில் நரம்பு இருக்காது. முட்டை ஓட்டின் உட்புறம் ஒரு ரத்த வளையம் மட்டும் நிற்கும். அதைத் தவற விட்டால் சூட்டிலேயே கெட்டு, உள்ளே காற்றுக் கட்டி, ஒருநாள் டப்பென்று வெடிக்கும். ஒன்று வெடித்தால் அந்தத் தட்டு முழுக்கப் பாழ்.

இந்த வேலைக்கு வருகிறவர் கண்ணால் பார்க்கிறாரா, பார்த்த மாதிரி நடிக்கிறாரா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நூற்றைம்பது முட்டைத் தட்டில் வெந்த முட்டை ஒன்றைச் சொருகிவிட்டு, கை கட்டி நிற்பார். போன மாதம் வந்த பெண் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்து, "எல்லாம் நல்லா இருக்குங்க ஐயா. நரம்பு ஜம்முனு தெரியுது" என்றாள்.

அவர் பேசாமல் அந்த முட்டையை எடுத்து மேஜை விளிம்பில் தட்டி, உரித்து, உப்புத் தொட்டுத் தின்றார்.

"நரம்பு நல்லா வெந்திருக்கு" என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பொரிப்பகத்தில் அவருக்கு சி.ஐ.டி. என்று பெயர். தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார். யார் முதலில் வைத்தது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

பிறக்கும்போதே யாரும் இப்படி இருப்பதில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், கால்நடைத்துறை ஆபீசர் ஒருவர் பெட்டியும் கையுமாக வந்து, கோழிகளுக்கு நோய் என்று எழுதிக் கொடுத்தார். நானூறு கோழி. நின்று கொத்திக்கொண்டிருந்த கோழிகள். குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்கள், புதைத்தார். எட்டு நாள் கழித்து அதே ஆபீசர் வந்து, தாள் மாறிவிட்டது, உங்களுடையது இல்லை என்றார். அன்றிலிருந்து தாளில் எழுதி எவர் நீட்டினாலும் அவர் தாளைப் பார்ப்பதில்லை, நீட்டுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

இப்போது அப்படித்தான் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்ன மகளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. கடைக்குட்டி. பெரியவள் கல்யாணமாகிப் போய் ஒன்பது வருஷமாகிறது. சின்னவள் அப்பனையும் தாண்டி வளர்ந்திருந்தாள்; வீட்டில் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வளர்ந்ததெல்லாம் மேலேதான். உடம்பில் வேறு மாற்றம் எதுவும் இல்லை, மாதவிலக்கும் வரவில்லை. அம்மாக்காரி இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரைக் கேட்காமலே கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டாள். முடிவு சொல்கிற அன்றுதான் அவர் வந்தார். மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.

"கர்ப்பப்பை இருக்கு. கொஞ்சம் சின்னதா இருக்கு, மாத்திரை கொடுத்தா வளரும்" என்றார் டாக்டரம்மா. "சினைப்பை இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு பக்கமும் நார் மாதிரிதான் இருக்கு. அது சரியா உருவாகலை. அந்த ரெண்டையும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்."

"எதுக்கு?"

"விட்டா அதுல கட்டி வரலாம். புத்துநோய்க் கட்டி."

"இப்ப இருக்கா?"

"ஸ்கேன்ல தெரியலை."

"இல்லைன்னு சொல்லுங்க."

"தெரியலைன்னுதான் சொல்ல முடியும். இந்த மாதிரி இருக்கிறவங்கள்ல நூத்துக்கு இருபது, முப்பது பேருக்கு வருது. எடுத்துட்டா பயமில்லை."

"அப்ப எழுபது பேருக்கு வரலை."

"என்னங்க" என்று மனைவி கையைத் தொட்டாள்.

"நீ இரு. எழுபது முட்டை நல்ல முட்டைன்னு தெரிஞ்சும் நூறையும் தூக்கிப் போடுன்னு சொன்னா, அவன் பொரிப்பகக்காரனா, இல்ல ஆம்லெட் கடைக்காரனா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாளை அவர் பக்கம் திருப்பினார். "இது ஏன் வருதுன்னு புரிஞ்சாத்தான் நான் சொல்றது புரியும். ரத்தத்துல குரோமோசோம்னு ஒண்ணு பாத்தோம். உங்க பொண்ணுக்கு அதுல..."

"போதும்மா." அவர் எழுந்துவிட்டார். "அந்த எழுத்தெல்லாம் எனக்கு வேணாம். தாளை மட்டும் கொடுங்க."

"முழுசாக் கேட்டுட்டுப் போங்க ஐயா. இது தள்ளிப் போடற விஷயம் இல்லை."

"அவசரப்படுத்தறவங்க சொல்றதை நான் எப்பவும் ஒரு வாரம் கழிச்சுத்தான் கேக்கறது" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னாங்கப்பா?"

"ஒண்ணுமில்ல. சத்துக் குறைவாம்."

"இவ்வளவு உயரத்துக்குமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். மகளும் அவருக்குப் பிறந்தவள்தானே, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அன்று மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் முன் அறையில் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் மனைவி பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"புள்ளை உசுரு விஷயம். இதுலயுமா உங்க சி.ஐ.டி. வேலை?"

"அறுக்கிறதுக்கு ஆள் சிக்கினா போதும்னு நிக்கிறாங்க. நோய் இல்லையாம், வருமாம். வராத மழைக்குக் கூரையைப் பிரிக்கச் சொல்றாங்க."

"நீங்க யாரைத்தான் நம்பினீங்க? கல்யாணமான மறுநாள் நான் போட்ட டீயைப் பூனைக்கு ஊத்திப் பாத்தவர்தானே."

"பூனை குடிக்கலையே."

"சூடா இருந்துச்சு, குடிக்கலை!" கரண்டியைப் போட்டாள். கண் கலங்கிவிட்டது. "அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் இந்த வீட்ல உங்களுக்கு டீ போட ஆள் இருக்காது. பாத்துக்குங்க."

அவர் பொரிப்பகத்துக்குப் போய் இருட்டு அறையில் உட்கார்ந்தார். தாளை எடுத்துப் பெட்டி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நாலாம் வகுப்போடு நின்றவர்; இங்கிலீஷ் எழுத்து தனித்தனியாகத் தெரியும், சேர்ந்து நின்றால் தெரியாது. மேலே மகள் பேர். கீழே கோடு போட்ட இடத்தில் 46 என்று ஓர் எண், பக்கத்தில் இரண்டு எழுத்து: எக்ஸ், ஒய். அதற்குக் கீழே கையெழுத்து. இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டா பெண்ணின் வயிற்றைக் கிழிக்கச் சொல்கிறார்கள்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முப்பது வருஷமாக ஆட்களுக்குச் செய்கிறதை இவர்களுக்கும் செய்து பார்த்தால் என்ன?

கம்பவுண்டர் அவருடைய பழைய கூட்டாளி. கோழிக்கும் மனிதனுக்கும் ஒரே கையால் ஊசி போடுகிறவர் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

"அந்த குரோமோசோம் டெஸ்ட்டுக்கு எந்த டியூப்னு தெரியுமா உனக்கு?"

"பச்சை மூடி. எதுக்கு?"

"என் ரத்தத்தை எடு. பேரு என் பொண்ணு பேரு. வயசு பதினேழு, பெண்ணுன்னு எழுது. வேற லேபுக்கு அனுப்பு."

கம்பவுண்டர் ஊசியைக் கீழே வைத்தார். "யோவ், உனக்கென்ன பைத்தியமா?"

"அறுபத்துநாலு வயசு. ஒரு தலைவலி மாத்திரை போட்டதில்ல. எனக்கு ஒரு நோவும் இல்லைன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதே நோவை எழுதிக் கொடுத்தானுங்கன்னா, எல்லாம் அச்சடிச்சு வச்ச தாளு. பேரை மட்டும் மாத்தறானுங்க."

"வெந்த முட்டை வைக்கிறே."

"வைக்கிறேன்."

"என்னமோ பண்ணு. என் பேரு வெளிய வரக்கூடாது."

முழங்கையை நீட்டினார். ரத்தம் கறுப்பாக, கெட்டியாக டியூபில் ஏறியது. இருபது நாள் ஆகும் என்றார்கள். அந்த இருபது நாளுக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. மூன்று தடவையும், பெரிய மகள் வரட்டும், கலந்து பேசுகிறோம் என்று வைத்துவிட்டார். முட்டை போட்டுக் குஞ்சு வருகிற கணக்கு அது. ஒரு தட்டு போட்டு, ஏழாம் நாள் பார்த்து, கழித்து, இருபத்தோராம் நாள் குஞ்சு எடுத்த அன்று கம்பவுண்டர் கவரைக் கொண்டுவந்தார்.

கை கழுவாமலே பிரித்தார். மேலே மகள் பேர். கீழே கோடு போட்ட இடம். 46. எக்ஸ். ஒய்.

பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எண்ணுக்கு எண், எழுத்துக்கு எழுத்து அதே.

"மாட்டினாங்க!" என்று தொடையில் தட்டினார். கையில் ஒட்டியிருந்த குஞ்சு ரோமம் பறந்தது.

மறுநாள் காலையில் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா அறைக்கதவைத் தட்டாமலே திறந்து இரண்டு தாளையும் மேஜைமேல் போட்டார்.

"இது நீங்க கொடுத்தது. இது வேற லேப். படிங்க."

டாக்டரம்மா இரண்டையும் பார்த்தார். "அதேதான் வந்திருக்கு. நல்லது, இன்னொரு இடத்துலயும் பாத்துட்டீங்க. இப்பவாவது தேதி குறிக்கலாமா?"

"குறிக்கலாம். போலீசுக்குத் தேதி குறிக்கலாம்." அவர் குரல் உயர்ந்தது. "ரெண்டாவது தாள்ல இருக்கிற ரத்தம் என் பொண்ணோடது இல்ல. என்னோடது! நல்லா இருக்கிற மனுஷனுக்கும் இதே நோவுன்னு எழுதியிருக்காங்க. எனக்கும் சினைப்பையை எடுப்பீங்களா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மா இரண்டு தாளையும் அருகருகே நகர்த்தி வைத்தார். அந்த முகத்தில் பயம் இருக்கிறதா என்று அவர் தேடினார். கோபத்தைத் தேடினார். இரண்டும் இல்லை. வேறு ஏதோ இருந்தது, அவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

"உக்காருங்க ஐயா. அன்னிக்கு என்னை முடிக்க விடலை. இன்னிக்கு விடுங்க." ஒரு பேனாவை எடுத்து அந்த இரண்டு எழுத்தின் கீழே கோடு போட்டார். "இது நோவோட பேரு இல்லை. பொம்பளைங்க ரத்தத்துல ரெண்டு எக்ஸ் இருக்கும். ஆம்பளைங்களுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். நீங்க ஆம்பளை. பதினேழு வயசுப் பொண்ணுன்னு எழுதி அனுப்பியிருக்கீங்க. லேப்ல இருக்கிறவங்களுக்கு உங்களைத் தெரியாது. பேரைப் பாத்து எழுதலை, ரத்தத்தைப் பாத்து எழுதியிருக்காங்க. எக்ஸ் ஒய்."

அவர் தாளைப் பார்த்தார்.

"உங்க வலையில அவங்க மாட்டலை" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "சரியாச் சொல்லிட்டாங்க. இப்ப முதல் தாளைப் பாருங்க. அது உங்க பொண்ணு ரத்தம். அதுலயும் அதே ஒய் இருக்கு. அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன்."



"அவ... அப்ப அவ பொண்ணு இல்லையா?" என்றாள் மனைவி.

"பொண்ணுதான்மா. பொண்ணாத்தான் பொறந்தா, பொண்ணாத்தான் வளந்தா. கர்ப்பப்பை இருக்கு. மாத்திரை கொடுத்தா மாதவிலக்கும் வரும். நாளைக்கு வேற ஒருத்தர் சினை முட்டையை வச்சு குழந்தைகூடப் பெத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான். வயித்துல உருவாகும்போது அந்த ஒய் சொல்ல வேண்டியதைச் சொல்லலை. அதனால அந்த ரெண்டு உறுப்பும் ஆம்பளைங்களுக்கு இருக்கிற விரையாவும் ஆகலை, சினைப்பையாவும் ஆகலை. பாதியில நின்னுடுச்சு."

'பாதியில நின்னுடுச்சு' என்ற இடத்தில் அவர் தலை நிமிர்ந்தது.

"பாதியில நின்னது உள்ளயே சூட்டுல இருக்கு" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"பதினேழு வருஷமா."

அவர் இரண்டு தாளையும் மடித்தார். ஒரே மாதிரி இருந்ததால் எது யாருடையது என்று குழம்பி, மறுபடி பிரித்துத் தேதியைப் பார்த்து மடித்தார். "சீக்கிரமா என்னிக்கு முடியும்?" என்று கேட்டார்.

இனி மகளிடம் சொல்ல வேண்டும். மனைவி சொல்கிறேன் என்றாள். வேண்டாம், பொய் சொன்னது நான்தான் என்று அவரே போனார். முன் அறை வாசற்படியில் அவள் தலையைச் சாய்த்து உட்கார்ந்து முடி காய வைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்துப் பேச அவருக்கு வராது. கேட்டதை அப்படியே ஒப்பித்தார். கம்பவுண்டர், பச்சை மூடி, இருபது நாள் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"என் பேர்ல உன் ரத்தமா?"

"ஆமா."

"சத்துக் குறைவுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"மூணு வாரமா எனக்கு என்னன்னு எனக்கு மட்டும் தெரியாது. உனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், கம்பவுண்டருக்குத் தெரியும். கோழிக்கு ஊசி போடற ஆளுக்கு!" மூச்சு வாங்கினாள். "ஊர்ல ஒருத்தரையும் நம்பமாட்டே, சரி. என்னையுமா?"

 சுவரைப் பார்த்தார்.

அவள் மறுபடி கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக: "அப்ப நான் யாருப்பா?"

"நீ யாருன்னு தாளா சொல்லணும்?" என்றார் அவர் வெடுக்கென்று. "நேத்து நீ யாரா இருந்தியோ, அவதான் இன்னிக்கும். தாளை நம்பறதா இருந்தா, நானும்தான் பதினேழு வயசுப் பொண்ணு. லேப்காரன் சீல் போட்டுக் கொடுத்திருக்கான்."

சிரிக்கக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்தாள். அப்படியும் வந்துவிட்டது. சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது. ஈர முடியோடு அவர் தோளில் குனிந்து சாய்ந்தாள். உயரம் இடித்தது.

ஆபரேஷனில் வயிற்றில் மூன்று சின்ன ஓட்டைதான் போட்டார்கள். இரண்டு நாளில் எழுந்து நடந்தாள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். எட்டாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டு, இடது பக்கம் எடுத்ததில் கட்டி ஆரம்பித்திருந்தது என்றார்.

மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒன்றுதான் கேட்டார். "அதை நான் பாக்கணும்."

"ரிப்போர்ட்டா?"

"தாளு இல்லை. சரக்கை. வெளிச்சத்துல வச்சுப் பாப்பீங்கள்ல, அதை."

மாடியில் ஒரு சின்ன அறை. எடுத்த சதையைக் கண்ணாடித் துண்டில் வைத்துச் சோதிக்கிற டாக்டர் ஒல்லியான ஆள். காது மடலில் பேனா சொருகியிருந்தார். இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லை என்றார். மைக்ராஸ்கோப்பைத் திருகி, "ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றார்.

ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குனிந்தார். இளஞ்சிவப்பில் நார் நாராக ஓடியது. நடுவில் வட்ட வட்டமாகக் கூடுகள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பெரிய உருண்டையான அணுக்கள், வெளிறி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியோடு. தட்டில் அடுக்கி வெளிச்சத்தில் வைத்த மாதிரி.

"புள்ளி இருக்கே" என்றார். "உசுரு இருக்கா இதுல?"

"இருந்துச்சு. அதான் பிரச்சனை." அவர் முட்டைக்காரர் என்று கேள்விப்பட்டிருந்த டாக்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்த அணுக்களெல்லாம் கரு உண்டான கொஞ்ச நாள்லயே தனியா ஒதுங்கிடும். நாளைக்கு முட்டையா, விந்தா ஆகப் போறதுக்குன்னு. முதல்ல மஞ்சக்கருப் பை ஓரமா இருக்கும். அங்கேருந்து நகர்ந்து நகர்ந்து அதுக்கான இடத்துக்கு வந்து சேரும்."

"மனுஷனுக்கும் மஞ்சக்கரு உண்டா?"

"பேருக்கு ஒரு பை உண்டு. வந்து சேர்ற இடத்துல இருக்கிறவங்கதான், நீ முட்டையாகு, நீ விந்தாகுன்னு சொல்லி அடக்கி வைக்கணும். உங்க பொண்ணுக்கு அந்த இடமே கட்டி முடிக்கலை. வந்தவங்களுக்குச் சொல்ல ஆளில்லை. பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். சிலது சாகாம, வளரவும் வளராம, குழந்தையாவே தங்கிடுச்சு. அப்படித் தங்கினது ஒருநாள் தன்னிஷ்டத்துக்குப் பெருக ஆரம்பிக்கும். அதான் இது. பயறு அளவு. கூட்டுக்குள்ளதான் இருக்கு, ஒண்ணும் வெளிய தாண்டலை. வலது பக்கம் வெறும் நார்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நான் மூணு வாரம் தள்ளிப் போட்டேன். அந்த மூணு வாரத்துல வந்ததா இது?"

டாக்டர் காதிலிருந்த பேனாவை எடுத்துக் கையில் உருட்டினார்.

"தெரியாது" என்றார். "வருஷக்கணக்காவும் இருக்கலாம். இதைப் பாத்து என்னால சொல்ல முடியாது."

"இன்னும் மூணு வாரம் விட்டிருந்தா?"

"அதுவும் தெரியாதுங்க."

அவர் நிமிர்ந்து அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாகக் கையில் தாளோடு வந்த அத்தனை பேரும் எல்லாம் தெரிந்தவர்களாகத்தான் வந்தார்கள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவர்.

"சரி" என்றார். "நீங்க சொல்றதை நம்பறேன்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். முதல் தடவை அவரும் போனார். டியூப் போகிற கதவுவரை பின்னாலேயே நடந்தார். "இந்தத் தடவை என்னோடதுதானே?" என்று மகள் எல்லோர் காதிலும் விழக் கேட்டாள். ரத்தம் சுத்தமாக இருந்தது. மாத்திரையும் ஆரம்பித்திருந்தார்கள். அடுப்படியில் அவருக்கு டீ நிற்கவில்லை.

படிப்பு விடுமுறையில் அவள் பொரிப்பகத்துக்கு வந்தாள். ஏழாம் நாள் தட்டுகள் பதினொன்று வரிசையாக நின்றன. கறுப்புத் துணியை இழுத்துவிட்டு இருவரும் பெட்டிக்கு இரண்டு பக்கம் உட்கார்ந்தார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள், அவர் சுற்றிப் பார்த்து வைத்தார். பெட்டியின் ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அவள் தாடையில் பட்டது. முகம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. சாப்பிடுகிறாளா, வலி இருந்து மறைக்கிறாளா, ராத்திரி தூங்குகிறாளா என்று கை சுற்றுகிறபடி சுற்ற, அவர் கண் அவள் முகத்திலேயே இருந்தது. மூன்று கூமுட்டை, இரண்டு ரத்த வளையம் எடுத்துப் போட்டார். பதினொரு தட்டும் முடிந்தது.

"முடிஞ்சதா?" என்றாள்.

"முடிஞ்சது."

"எல்லாம் நல்லா இருக்கா?"

"நரம்பு ஜம்முனு இருக்கு."

அவள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு அந்தத் தோரணை தெரியும். 

"காலையில ஒண்ணு வேக வச்சேன்" என்றாள். "எந்தத் தட்டுல இருக்குன்னு சொல்லு."

அவர் பதினொரு தட்டையும் பார்த்தார். ஆயிரத்து அறுநூறு முட்டைக்கு மேல். எல்லாம் ஒரே வெள்ளையாக இருட்டில் அடங்கி இருந்தன. முப்பது வருஷத்தில் அவருக்கு யாரும் அப்படி வைத்ததில்லை.

"தெரியாது" என்றார்.

அவள் ஸ்டூலை இழுத்து மறுபடி உட்கார்ந்தாள். முதல் தட்டின் முதல் முட்டையை எடுத்து நீட்டினாள்.

"பாரு."